பிரார்த்தனை வேளையில் தானே உருண்ட கார்

அனுப்புநர்:
திருமதி அலோய்சியா துய்மாவே
(காலஞ்சென்ற துய்மாவே பெனெதித்தோ அவர்களின் மனைவி),
மேட்டுச் சாலை, லெஃபாலே கிராமம்,
உப்போலு தீவு, சமோவா.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
வாகனப் பாதுகாப்பு ஆணையகம்,
ஆப்பியா.

பொருள்: 'லூமா' ரகக் கார் சரிவில் தானே உருண்டு ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தமை – ஓட்டுநர் மீது வழக்கு – பழுதான பாகத்தை விற்பனையகத்தார் மாற்றிவிடும் முன் அரசு அலுவலர் காரைச் சோதிக்கக் கோருதல் – இதே ரகக் கார்களைச் சமோவாவிலும் திரும்பப் பெற ஆணையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுபத்தாறு வயதான விதவை. ஆப்பியாவில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஒருவர் பேசுவதை அவர் பேசியபடியே எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. இம்மனுவில் பிறர் சொன்னதாக நான் எழுதியிருப்பவை அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களே. எதையும் திருத்தவில்லை, சில இடங்களில் திருத்தும் ஆசை இருந்தது.

2. என் தம்பி மகள் ஃபெதூ என்னுடன் வசிக்கிறாள். அவள் எங்கள் வட்டாரத்துச் செவிலி. மலைப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவள் ஒருத்திதான். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே காரோட்டிச் சென்று நோயாளிகளைப் பார்த்து வருகிறாள். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தாள் என்று இப்போது அவள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். விசாரணை இம்மாதம் 24ஆம் நாள். தீர்ப்பு எதிராகப் போனால் அவள் ஓட்டுநர் உரிமத்தை இழப்பாள். உரிமம் இல்லாத வட்டாரச் செவிலியைத் துறை வைத்துக்கொள்ளாது. அவள் செய்யாத தவற்றுக்காக அவள் வேலையும் பெயரும் போகவிருக்கின்றன என்பதே என் புகார்.

3. அந்தக் காரை நாங்கள் சென்ற ஆண்டு ஆப்பியாவிலுள்ள தலாவோ மோட்டார்ஸ் விற்பனையகத்தில் புதிதாக வாங்கினோம். வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மக்கள் வெளியே வரும் நேரத்தில், அந்த விற்பனையகத்தின் மேலாளர் திரு. பெனி மாதாயூ ஒரு லூமா காரை எங்கள் கோயில் மைதானத்துக்கே ஓட்டி வந்தார். கூடியிருந்தவர்கள் முன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கியருக்குப் பக்கத்திலிருந்த, நின்ற வண்டியை நகராமல் பிடித்து வைக்கும் நிறுத்தப் பொத்தானைக் காட்டி, அவர் பேசியது இது:

"நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு பொத்தான் இருக்கு, பாருங்க. சாயங்காலம் சங்கு ஊதுதா? வண்டிய நிறுத்து, இத ஒரு அமுக்கு அமுக்கு. பச்சை விளக்கு வந்துச்சா? அவ்வளவுதான். காலை மடிச்சுக்கிட்டு நிம்மதியா ஜெபம் பண்ணு. உங்கள ஆண்டவர் பாத்துக்குவாரு, வண்டிய நாங்க பாத்துக்கறோம்!"

இப்படிச் சொல்லிவிட்டு இருக்கையின் மேலேயே காலை மடித்து உட்கார்ந்து கண்ணையும் மூடிக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்ப காணிக்கைல பாதி உனக்கு வந்துரணுமே, பெனி?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் மைதானம் சமதளம் என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதன்பின் எங்கள் வட்டாரத்தில் மட்டும் பல குடும்பங்கள் லூமா வாங்கின.

4. வாங்கிய சில மாதங்களிலேயே சிறு தொல்லைகள் தொடங்கின. பலத்த மழையில் ஓட்டுநர் முன்னுள்ள மின்திரை இருண்டுவிடும். சாவி கையில் இருந்தும் சாவி இல்லை என்று வண்டி சொல்லும். நின்ற இடத்தில் என்ஜின் தானே அணைந்தால், மீண்டும் உயிர் பெறத் தயங்கும். ஒவ்வொரு முறையும் விற்பனையகத்துக்கு எடுத்துப் போனோம். "புது வண்டின்னா கொஞ்சம் அடம் பிடிக்கும்மா, பழகப் பழகச் சரியாயிடும்" என்று திரு. மாதாயூ சொன்னார். பழக வேண்டியது வண்டியா நாங்களா என்று அவர் தெளிவுபடுத்தவில்லை.

5. ஜூலை மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாலை, என்னைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஃபெதூ ஆப்பியாவிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தாள். நான் அவள் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வாயிமாலு கிராமத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தோம். அப்போது மாலைப் பிரார்த்தனைக்கான சங்கு ஊதியது. அந்த ஊரில் சங்கு ஊதினால் நடப்பவர் நிற்க வேண்டும், வண்டி நிற்க வேண்டும். அடுத்த சங்கு வரை அசைவு கூடாது. இது தாங்கள் அறியாததல்ல. ஃபெதூ சாலையோரம் நிறுத்தி, பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்ததை நானும் பார்த்தேன். வெளியே மழையும் புழுக்கமும் இருந்ததால் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு நேர் எதிரே ஊர்த் தலைவர்கள் கூடும் சுவரில்லாத வீடு. உள்ளே பெரியவர்கள் பாயில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டு ஜெபம் செய்வது எங்கள் பெண்களுக்கு வழக்கமில்லை. ஃபெதூ செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் மடித்துக்கொண்டாள். பிறகு நாங்கள் இருவரும் கண்களை மூடினோம்.

வண்டி நகர்வதை நான் முதலில் உணரவில்லை. தலை சுற்றுகிறது, கண்ணில் விட்ட மருந்தின் வேலை என்று நினைத்தேன். பிறகு மரம் முறியும் சத்தமும் ஒருவரின் அலறலும் கேட்டன. வண்டி பின்னோக்கி உருண்டு, சரிவின் கீழிருந்த மற்றொரு சுவரில்லாத வீட்டின் தூணில் மோதி, தூணில் முதுகு சாய்த்து அமர்ந்திருந்த ஊர் மன்றத்தின் சார்பில் பேசும் பேச்சாளர் லெயாதெயா அவர்களின் தொடையை நசுக்கியிருந்தது. அடுத்த சங்கு இன்னும் ஊதவில்லை. அன்று அவருக்கு முதலில் கட்டுப் போட்டவளும் ஃபெதூதான். வெறுங்காலோடு மழையில் ஓடி, தன் மேலாடையைக் கிழித்துக் கட்டினாள்.

6. ஆக, கார் நகர்ந்த அந்தக் கணத்தில் ஊர் முழுவதும் கண்களை மூடியிருந்தது. நானும்தான். ஆகவே நான் கண்ணால் கண்ட சாட்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கண் திறந்திருந்தவர் ஒருவர் மட்டுமே: பிரார்த்தனை வேளையில் சாலையைக் காவல் காக்க ஊர் மன்றம் நியமித்த ஸெமு என்பவர், மூன்று பிள்ளைகளின் தந்தை. அவர் என்னிடமும் பங்குத் தந்தையிடமும் சொன்னது:

"அந்தப் பொண்ணு ரெண்டு காலும் சீட்டு மேல, பாயில உக்காந்த மாதிரி இருந்துச்சு. கை ரெண்டும் மடில. வண்டி மட்டும் பூனை மாதிரிப் பின்னால போவுது. கத்தலாம்னு வாயெடுத்தேன். ஜெப நேரத்துல கத்துனா எனக்கே அபராதம் போடுவாங்களேன்னு ஒரு யோசனை வந்துச்சும்மா. அந்த யோசனைலதான் எல்லாம் போச்சு."

இந்த வாக்குமூலத்தை அவர் காவல் நிலையத்திலும் சொல்லப் போனார். அங்கே எழுத்துப் பணியிலிருந்த காவலர் கேட்டதாக ஸெமு என்னிடம் சொன்னது: "என்னய்யா, ஊரே ஜெபம் பண்ணும்போது நீ கண்ணத் தொறந்து வச்சிருந்தியா? இத எழுதினா உனக்குத்தான் கேவலம்." ஸெமு, "எனக்குக் குடுத்த வேலையே அதுதாங்க சார்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். வாக்குமூலம் பதிவாகவில்லை. குற்றப்பத்திரிகையில் 'நேரில் கண்டவர் எவருமில்லை' என்று இருக்கிறது.

7. மறுநாள் விடியற்காலை, மன்னிப்புக் கேட்கும் எங்கள் வழக்கப்படி, குடும்பத்தோடு வாயிமாலுவுக்குச் சென்று, காயம்பட்டவரின் வீட்டு முற்றத்தில் தலைகுனிந்து அமர்ந்தோம். குடும்பத்துக்கு இப்போது மூத்தவள் நான் என்பதால், மெல்லிழைப் பாயை என் மேல் போர்த்திக்கொண்டு மண்டியிட்டேன். ஃபெதூ என் பின்னால் இருந்தாள். பாயின் உள்ளே நான் யோசித்தது என் முழங்காலைப் பற்றி மட்டுமே என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் மற்றது இம்மனுவுக்குத் தேவையில்லை. வெயில் ஏறும் நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து லெயாதெயா அவர்களின் குரல் கேட்டது. மருத்துவமனைக்குப் போக மறுத்து, எங்களுக்காகவே காத்திருந்தாராம்.

"பாய எடுங்கப்பா. அந்தம்மாவ நெழல்ல உக்கார வைங்க. எனக்குக் கட்டுப் போட்ட பொண்ணு மண்டி போட்டிருக்கு, வண்டி வித்தவன் எங்க? அவனல்ல இங்க வந்து பாய் போத்திக்கணும்!"

அத்துடன் எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையில் பகை இல்லை. பிரார்த்தனை குலைந்ததற்காக வாயிமாலு ஊர் மன்றம் விதித்த பன்றிகளையும் டின் மீன் பெட்டிகளையும் மறுபேச்சில்லாமல் செலுத்தினோம்.

8. இந்த மன்னிப்புச் சடங்கையே இப்போது ஃபெதூவுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள். திரு. மாதாயூ காவல் துறைக்குக் கொடுத்துள்ள அறிக்கையில், 'ஓட்டுநரின் குடும்பத்தார் மறுநாளே பாய் போர்த்தி மண்டியிட்டுத் தங்கள் தவற்றை ஒப்புக்கொண்டனர்' என்று ஒரு வரி இருக்கிறது. அவரும் சமோவாவில் பிறந்தவர். நம் கையிலுள்ள ஒரு பொருளால் பிறருக்குத் துன்பம் நேர்ந்தால் நாம் போய்த் தலைகுனிகிறோம். துன்பத்துக்குக் காரணம் யார் என்று தீர்ப்பது அதற்குப் பிறகு நடப்பது. அவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

அதே அறிக்கையின் மற்றப் பகுதி சோதனை பற்றியது. காவல் நிலையத்தில் வண்டிகளைச் சோதிக்கும் கருவி இல்லை என்பதால், காரை விற்ற விற்பனையகமே அதைச் சோதித்துச் சான்று தந்திருக்கிறது. தங்கள் பட்டறையின் சிமெண்டுத் தரையில், சற்று நேரம் நிறுத்திப் பார்த்ததாகவும் வண்டி நகரவில்லை என்றும் எழுதியுள்ளார்கள். சமதளத்தில் தண்ணீர்கூட நகராது. மேலும், பொத்தான் அழுத்தியிருந்தாலும் ஓட்டுநரின் கால் பிரேக்கின் மேலேயே இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறதாம். கோயில் மைதானத்தில் காலை மடித்துக் காட்டியவர் அந்தக் கையேட்டை அன்று படித்துக் காட்டவில்லை.

9. ஜூலை இறுதியில் ஆக்லாந்திலிருந்து என் அக்காள் மகன் விலி தொலைபேசியில் நலம் விசாரித்தான். எங்கள் கார் தயாரான அதே ஆண்டில் தயாரான லூமா அவனிடமும் இருக்கிறது. நடந்ததைச் சொன்னதும் அவன் சொன்னது:

"என்ன சின்னம்மா சொல்றீங்க? இங்க அந்த வண்டியெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போயி சரி பண்ணிக் குடுத்துட்டாங்களே! கம்பெனியே மெசேஜ் போட்டுக் கூப்பிட்டாங்க. பொத்தான் அமுக்கி ரொம்ப நேரம் நின்னா பிரேக் விட்டுருமாம். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. விலி அனுப்பிய அறிவிப்பின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். குளிர்சாதனம் ஓடும்போது வண்டி நெடுநேரம் நின்று, என்ஜின் தானே அணைந்தால், பொத்தானின் பிடியைக் கை பிரேக்குக்கு மாற்றித் தரவேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி சில வேளைகளில் மாற்றித் தராமல் விட்டுவிடுகிறது என்று உற்பத்தி நிறுவனமே அதில் எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. போக்குவரத்து விளக்குகளில் இது பெரும்பாலும் நேராது என்றும் ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஊர்களில் போக்குவரத்து விளக்கு இல்லை. சங்குதான் இருக்கிறது. ஒரு நாளும் தவறாமல், மேட்டிலும் பள்ளத்திலும், வண்டிகள் நெடுநேரம் நிற்கும் நாடு நம்முடையது.

இதைத் திரு. மாதாயூவிடம் கேட்டேன். "அது நியூசிலாந்து வண்டிக்கும்மா. நம்ம வண்டி வேற கப்பல்ல வந்தது" என்றார்.

10. வேறு கப்பலில் வந்தால் வேறு காராகுமா என்று நானே பார்க்கத் தீர்மானித்தேன். காவல் துறையினர் படம் எடுத்துக்கொண்டு, பட்டறைச் சோதனைக்குப் பின் காரை எங்களிடமே விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையில், பின்னால் சற்றுத் தள்ளிப் பெரிய கற்களை அடுக்கி, காரை அதே விதமாக நிறுத்தச் செய்தேன். குளிர்சாதனம் ஓடியது; பச்சை விளக்கு எரிந்தது; உள்ளே யாரும் இல்லை. பங்குத் தந்தையும் பள்ளித் தலைமையாசிரியரும் உடனிருந்தார்கள். முதல் இரண்டு முறை கார் அசையவில்லை. பங்குத் தந்தை என்னை இரக்கத்துடன் பார்த்தார். மூன்றாம் முறை, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கார் பின்னால் உருண்டு கற்களில் முட்டி நின்றது. தலைமையாசிரியர் சொன்னதைத் திருச்சபையின் மீதுள்ள மரியாதையால் இங்கே எழுதவில்லை. இருவரும் கையொப்பமிட்ட சாட்சியம் இணைப்பில் உள்ளது.

11. நேற்று வியாழக்கிழமை காலை விற்பனையகத்தின் இழுவை வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்னறிவிப்பு இல்லை. காரைக் கொண்டுபோய் 'நல்லெண்ணத்தின் அடையாளமாக' இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். வந்த மெக்கானிக்கிடம், எதைப் பழுது பார்ப்பீர்கள், உங்கள் அறிக்கைப்படி காரில் பழுதே இல்லையே என்று கேட்டேன். அவர் இழுவை வண்டியிலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில்:

"அம்மா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டிங்க இப்பத்தான் கப்பல்ல வந்து எறங்கியிருக்கு. எல்லா லூமாக்கும் மாத்தணும். சத்தம் போடாம, சர்வீசுக்கு வர்றப்ப ஒண்ணொண்ணா மாத்தச் சொல்லியிருக்காங்க. உங்க வண்டிய மட்டும் வழக்குக்கு முன்னாடியே முடிச்சிரச் சொன்னாரு மேனேஜர்."

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. தாங்கள் நேரில் கேட்டால், அவர் அனுமதி பெற்றுச் சொல்வேன்.

இதைக் கேட்டபின் நான் காரில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துகொண்டேன். "வெயிலாயிருக்கும்மா, எறங்குங்க" என்றார்கள். இறங்கவில்லை. ஃபெதூ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உரிமம் இருக்கும் வரை பக்கத்து வீட்டுக்காரரின் பழைய வண்டியை ஓட்டிப் போகிறாள். "அத்தை, ஆம்புளைங்க கூட எதுக்கு வம்பு, குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் எதைப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்டேன். அவள் உள்ளே போய், எனக்குக் குடையும் கொக்கோவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இழுவை வண்டிக்காரர்கள் மதியம் வரை காத்திருந்துவிட்டு, 'மறுசோதனைக்காக' என்று காவல் நிலையத்தில் ஆணை வாங்கிக்கொண்டு வரும் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

12. ஐயா, லெயாதெயா அவர்களின் தொடையை முறித்த அந்தப் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி இன்று என் காரில் இருக்கிறது. நீதிமன்றத்தில் ஃபெதூவின் பக்கம் வைக்கக்கூடிய பொருள் அது ஒன்றே. செவ்வாய்க்குப் பிறகு அது இருக்காது. ஆகவே கேட்டுக்கொள்வது:

(அ) செவ்வாய்க்கிழமைக்கு முன் தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, காரை முத்திரையிட்டு ஆணையகத்தின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றவர் அல்லாத ஒருவர், சரிவில் நிறுத்தி, அதைச் சோதிக்க வேண்டும்.

(ஆ) அந்தச் சோதனை முடிவையும் ஸெமு அவர்களின் வாக்குமூலத்தையும் பெறும் வரை வழக்கு விசாரணையை ஒத்திவைக்கும்படி காவல் துறைக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

(இ) சமோவாவில் விற்கப்பட்ட எல்லா லூமா கார்களையும் பெயர் சொல்லி, வெளிப்படையாக, வானொலியிலும் கோயில்களிலும் அறிவித்துத் திரும்பப் பெற ஆணையிட வேண்டும். அதுவரை, பிரார்த்தனைக்கு நிற்பவர்கள் என்ஜினை அணைத்து, கியரைப் பூட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கும்படியாவது இன்றே எச்சரிக்க வேண்டும். இன்று மாலையும் சங்கு ஊதும்.

திங்கட்கிழமை தந்தையர் தின விடுமுறை என்பதை அறிவேன். அதனாலேயே இம்மனுவைத் தபாலில் சேர்க்காமல் ஆள் வசம் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் அலுவலர் வரும் வரை பகல் வேளைகளில் நான் காரிலேயே இருப்பேன். நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்திருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால் உடனே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். வேறு எவருக்காகவும் இறங்குவதாக இல்லை. கையெழுத்து சில இடங்களில் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். ஸ்டீயரிங்கின் மேல் வைத்து எழுத வேண்டியிருந்தது.

இணைப்புகள்: ஆக்லாந்து அறிவிப்பின் நகல், ஸெமு அவர்களின் வாக்குமூலம், பங்குத் தந்தை, தலைமையாசிரியர் இருவரின் சாட்சியம், லெயாதெயா அவர்கள் மருத்துவமனையிலிருந்து சொல்லி எழுதுவித்த ஆதரவுக் கடிதம்.

இடம்: லெஃபாலே
நாள்: 11 ஆகஸ்ட் 2023, வெள்ளிக்கிழமை

தங்கள் அலுவலரின் வருகைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அலோய்சியா துய்மாவே